ராவுல எடுங்க

எதையும் எண்ணிப் பார்த்துவிட்டால் தவறு நடக்காது என்று நம்புகிறவன் நான். அந்த நம்பிக்கை என்னைக் கவிழ்த்த தடவைகளையும் எண்ணி வைத்திருக்கிறேன். அதில் முதலிடம் கேமராவுக்கு.

லோயர் கேம்பில் முப்பத்திரண்டு வருடம் கால்வாயின் நீர்மட்டத்தை அளந்து எழுதும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எழுபத்தொரு வயதில் கேமரா வாங்கக் காரணம் என் மனைவி பாக்கியமும் அவளுடைய மூன்று சகோதரிகளும்தான். நால்வரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. ஒருத்தி கல்யாணத்தில் இன்னொருத்தி பிரசவத்துக்குப் படுத்திருப்பாள். (ஏதோ முறை வைத்துக்கொண்டதுபோல.) மூத்தவர் ராசாத்தி அக்கா, மகனோடு கனடாவில் தங்கிவிடப் போகிறார். அதற்குமுன் எல்லோரும் மேகமலைக்குப் போவது, படம் என் பொறுப்பு என்று முடிவாயிற்று.

தேனியில் கடைக்கு முப்பத்தொரு கேள்விகளோடு போனேன். விற்பனைக்கு நின்ற பெண் ஒன்றுக்குக்கூட முகம் சுளிக்கவில்லை. (நானாக இருந்தால் ஏழாவது கேள்வியில் கடையைச் சாத்தியிருப்பேன்.) பீரங்கி போன்ற லென்ஸ் வைத்த ஒன்றை நான் கிட்டத்தட்ட முடிவு செய்தபோது பாக்கியம் குறுக்கிட்டாள்.

"ஏம்மா, இதை இவுக கழுத்து தாங்குமா?"

"அம்மா கேட்டதுதான் கேள்வி!" என்று அந்தப் பெண் உள்ளங்கையளவு கேமரா ஒன்றை எடுத்து வைத்தாள். "புதுசா பழகுறவுகளுக்கு, ஊர் சுத்த, இது போதும். சுமையா இருந்தா வீட்லயே வச்சிட்டுப் போயிருவீக."

என் முப்பத்தொன்றில் அந்தக் கேள்வி இல்லை. அதற்காகப் பாக்கியத்தை இன்றுவரை வியக்கிறேன்.

கிளம்பும்போது அந்தப் பெண் சொன்னாள்: "முக்கியமான படம்னா ராவுல எடுங்கய்யா. வெளிச்சத்தைப் பின்னாடி கூட்டிக்கலாம், கொறைச்சுக்கலாம்."

எழுதிக்கொண்டேன். அடிக்கோடும் போட்டேன்.

பதினெட்டு வளைவுகளை எண்ணிக்கொண்டே மலையேறினோம். ஏரிக்கரையில், தேயிலைச் சரிவு பின்னால் தெரிய, நால்வரும் வயது வரிசையில் உட்கார்ந்தார்கள்.

"எடுங்க," என்றாள் பாக்கியம்.

"பொறு. இன்னும் நேரமாகலை."

பதினொன்று ஆயிற்று. ஒன்று ஆயிற்று. கேமரா பையைவிட்டு வெளியே வரவில்லை.

"எந்த முகூர்த்தத்துக்கு மச்சான் காத்திருக்கீக?" என்றாள் கடைசித் தங்கை செல்வி.

மூன்று மணிக்கு மூடுபனி இறங்கி எதிர்க்கரையை விழுங்கியது. ஜீப் ஓட்டி வந்த முருகன், "கிளம்புவோம். இருட்டுறதுக்குள்ள செக்போஸ்ட்டைத் தாண்டணும், அப்புறம் ஆனை இறங்கிரும்," என்றார்.

"அதெப்படி? ராவுலதான் எடுக்கணும்னு கடையில சொன்னாக!"

முருகன் என்னை உற்றுப் பார்த்தார். அவருடைய மச்சினன் ஸ்டூடியோ வைத்திருப்பவன். "ஐயா, அது ராத்திரி இல்ல. 'ரா'ன்னு கேமராவுல ஒரு செட்டிங். படத்தைப் பக்குவம் பண்ணாம பச்சையா வச்சிருக்கும்."

"அடி ஆத்தி!" என்றார் ராசாத்தி அக்கா. "ராவுல எடுத்திருந்தா எங்களுக்குப் பதிலா நாலு ஆனைல்ல படத்துல விழுந்திருக்கும்!"

நால்வரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பனி அவர்களுடைய முதுகுக்கு வந்துவிட்டது.

"இப்பவாச்சும் அமுக்குங்க!" என்று சிரிப்புக்கு நடுவே கத்தினாள் பாக்கியம்.

கேமராவைப் பையிலிருந்து உருவி அமுக்கினேன். ஒரே தடவை. அடுத்த நொடி வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

காலையிலேயே எடுத்திருந்தால் நால்வரும் ஆதார் அட்டை முகத்தோடு இருந்திருப்பார்கள். இதில் செல்விக்குக் கண் மூடியிருக்கிறது, அக்காவுக்குத் தலை சாய்ந்திருக்கிறது, மொத்தம் நாற்பத்தாறு பற்கள் தெரிகின்றன. (பெரிதாக்கி எண்ணினேன்.) இதைவிட அழகான படத்தை நான் பார்த்ததில்லை.

அது இப்போது கனடாவிலும் சுவரில் தொங்குகிறது. நாங்கள் காலைக் காபி குடிக்கும்போது அக்கா வீடியோவில் வருவார். பாக்கியத்தை நலம் விசாரிக்கும் முன்பே என்னைத் தேடுவார்.

"தம்பி, இங்கன ராவாயிருச்சு. படம் எடுக்க வாறீகளா?"