பச்சை எழுத்தில் ஒரு கண் ஆபரேஷன்

மனித குலம் இதுவரை மூன்று மகத்தான காரியங்களைச் சாதித்திருக்கிறது. நெருப்பை மூட்டியது, சக்கரத்தை உருட்டியது, ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய இணையதளத்தில் மூளையை வேறாகவும் முகத்தை வேறாகவும் பிரித்தது. முதல் இரண்டை வைத்து ஒரு லாரி டிரைவர் முப்பது வருஷம் பிழைத்தார். மூன்றாவதைத் தரிசிக்கும் பாக்கியம், அவர் மனைவியின் கண்ணில் புரை விழுந்த பிறகுதான் வாய்த்தது.

ஆஸ்பத்திரியின் இணையதளம் எட்டு மாதமாக ஒரே சங்கதியைப் பச்சை எழுத்தில் அறிவித்தது: "வாழ்த்துகள்! உங்கள் ஆபரேஷன் தேதி உறுதி." எந்தத் தேதி என்று மட்டும் இல்லை. கீழே ஒரு நர்ஸ் படம் சிரித்தது. வரவேற்பில் கேட்டால், "திரையில என்ன இருக்கோ அதுதான்" என்றார்கள். இடக்கண் போய், வலக்கண்ணும் மங்க ஆரம்பித்ததும், டிரைவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடிக் கணினிப் பிரிவுக்கே ஏறிவிட்டார்.

பிரிவுத் தலைவர் பூரித்துப்போனார். கேட்க ஆள் கிடைப்பது அபூர்வம்.

"முன்னாடி எல்லாம் ஒரே பக்கத்துல குழம்பிக் கிடந்துச்சு பெரியவரே. யாருக்கு எப்போன்னு முடிவு பண்றதும் அங்கேயே, கலர் அடிக்கறதும் அங்கேயே. அசிங்கம்! இப்போ இடது அறை முடிவு பண்ணும், காட்டாது. வலது அறை காட்டும், முடிவு பண்ணாது."

டிரைவர் வலது அறைக்குள் தலையை நீட்டினார். "ஏம்மா, இந்தப் பச்சை யாரு போட்டது?"

"நான்தான் ஐயா. நல்லா இருக்கா?"

"தேதி?"

"அதெல்லாம் நாங்க தெரிஞ்சுக்கக் கூடாது. பதில் வர்ற வரைக்கும் மாதிரிக்கு இந்த வாசகம். எல்லாருக்கும் அதேதான்."

இடது அறையில் ஒருவர் கணினியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வரல, அதனால தேதி இல்லன்னு எட்டு மாசம் முன்னாடியே முடிவு பண்ணிட்டோமே."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொன்னா ரெண்டு அறை வேலையும் கலந்துடும்ங்க."

நடுவில் ஒரு காலி நாற்காலி. இங்கிருந்து அங்கே பதிலைக் கொண்டுபோக ஓர் அதிகாரி இருந்தாராம். பிரிவினை இன்னும் "தூய்மையாக" இருக்கட்டும் என்று, மூன்று கூட்டம் போட்டு, அவரையும் தூக்கிவிட்டார்களாம்.

மனைவி கைப்பையைத் துழாவினார். "ஏங்க, ரிப்போர்ட்டு என்கிட்டதான் இருக்கு. யாரும் கேக்கலையே."

டிரைவர் அதை இடது அறையில் வீசினார். வருகிற செவ்வாய்க்கிழமை என்று முடிவானது. அதை ஒரு தாளில் எழுதி வாங்கி, எண்ணி எட்டே அடி நடந்து, வலது அறைப் பெண்ணிடம் நீட்டினார். திரையில் முதல்முறையாக ஒரு தேதி முளைத்தது.

"ஐயையோ! கலந்துட்டீங்களே!" தலைவர் அலறினார். "எட்டு மாசமாக் கட்டிக் காத்த கட்டமைப்பு!"

மனைவி சத்தம் வந்த பக்கம் திரும்பினார். "யாருங்க கத்தறது? ஒண்ணும் தெரியலையே."

"அவருக்கும்தான் தெரியல, விடு" என்றார் டிரைவர், கையைப் பிடித்துப் படியிறங்கியபடி. "உனக்காவது புரை தானா வந்துச்சு. இவரு மூணு கூட்டம் போட்டுல்ல வரவழைச்சிருக்காரு."