பால் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

அரிப்பு என்றால் அப்படியொரு அரிப்பு. பால்காரர் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிக் கதவு நிலையில் தேய்த்தபடியே, புதிதாக வாங்கிய களிம்பின் அட்டையைப் படித்தார். கடைசி வரியில் ஆடிப்போய்விட்டார்.

'பால் கொடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பூசக்கூடாது.'

தெரு முழுக்கப் பால் கொடுப்பது அவர்தானே! எந்த வீட்டுப் பிள்ளைக்காவது ஏதாவது ஆகிவிட்டால்?

"இந்தா, இது எனக்கு ஆகாதாம். எடுத்து உள்ள போடு."

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த மனைவி, காலைச் சொறிந்தபடியே வாங்கிப் போனாள்.

களிம்பு இல்லையென்றால் என்ன, சோப்பு இருக்கிறதே! தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கை தக்காளியாகச் சிவந்தது. அதை மறைக்க உறை மாட்டிக்கொண்டு பால் ஊற்றப் போனார்.

"என்னண்ணே, கையில உறை? தொத்து வியாதியா?" என்றாள் தையல்காரப் பெண்.

"சேச்சே, சும்மா அரிப்பும்மா!"

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் பாதித் தெரு, "நாளையிலேருந்து பால் வேணாம்" என்றுவிட்டது. மீதிப் பாதியும் போனால் குடும்பம் என்னாவது? இனி பொறுப்பதற்கில்லை என்று மருந்துக்கடைக்குப் போன் போட்டார்.

அவருக்குப் பிறவியிலேயே கீச்சுக் குரல். போனில் எல்லோரும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

"நான் பால் கொடுக்கறேங்க. இந்தக் களிம்பைப் பூசலாமா?"

பின்னால் குழந்தை வீறிட்டது.

"தெரியுதும்மா," என்றார் கடைக்காரர் கனிவாக. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கொடுக்கறீங்க?"

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"ரெண்டே தடவையா? அழறப்பல்லாம் கொடுக்கணும்மா!"

"அழறப்பல்லாம் கொடுத்தா கட்டுப்படியாகுமாங்க?"

கடைக்காரர் பதறிப்போனார். "பால் பத்தலையா? தண்ணி நிறைய சேத்துக்கணும்மா."

"ஐயையோ! சத்தியமா நான் தண்ணி சேக்கறதே இல்லைங்க!"

"அம்மா, போனை உங்க வீட்டுக்காரர்கிட்ட கொடுங்க."

"நான்தாங்க வீட்டுக்காரர்! பால்காரர்!"

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. "யோவ், அது தாய்ப்பால் கொடுக்கறவங்களுக்கு எழுதினதுய்யா! நீ தாராளமா பூசிக்க."

பால்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. களிம்பைப் பூசினால் அரிப்பு போகும், உறை போகும், தெருவும் திரும்பி வரும். விழுந்து விழுந்து சிரித்தபடி உள்ளே ஓடினார்.

"கேட்டியா கூத்தை! தாய்ப்பால் கொடுக்கற பொம்பளைங்கதான் அதைக் கேக்காம பூசக் கூடாதாம். நான் பாட்டுக்கு என்னைச் சொல்றான்னு பயந்து செத்தேன்! எங்க அந்தக் களிம்பு?"

குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மனைவி சிரிக்கவில்லை.

"அட மனுஷா! வீணாப் போகுதேன்னு காலையிலேருந்து அதை நான்தானே பூசிக்கறேன்!"