ஊதாரி மகன் வாசலில் நின்ற கதை

எனக்குக் கோபம் ஜாஸ்தி. அதில் பாதியை என் மச்சான் செல்வத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். (என் மனைவியின் தம்பி. அதனால் சத்தமாகக் காட்ட முடியாது.)

கடலூரில் மேற்கத்திய இசை வகுப்பு நடத்துகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்பு, எவரும் சீண்டாத ஒரு பழைய ஆரட்டோரியோவைத் தேடிப் பிடித்தேன். வேஷம், நடிப்பு எதுவும் இல்லாமல் ஒரு கதையை முழுக்கப் பாடியே சொல்வது அது. சொத்தையெல்லாம் அழித்துவிட்டு வீடு திரும்பும் ஊதாரி மகனின் கதை. எவரும் சீண்டாததற்கு ஒரு காரணம் இருக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. நானே தமிழில் எழுதி, இருபது கல்லூரிப் பிள்ளைகளின் உயிரை எட்டு மாதம் வாங்கினேன்.

கடைசியில் மகன் வாசலில் நின்று, ‘உள்ளே வரலாமா?’ என்று பாடுவான். பத்து விநாடி முழு மௌனம். பிறகு அப்பாவின் பதில். அந்த ஒரு பாட்டுதான் என் மாணவிகளில் ஒருத்தியான யாஸ்மினுக்கு. (அப்பாவுக்கு ஏற்ற ஆண் குரல் ஒன்றும் தேறவில்லை.) அதைக் கேட்கவே அவளுடைய வாப்பா துபாயிலிருந்து லீவு போட்டு வந்திருந்தார். மறுநாள் காலை அவருக்கு விமானம்.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நிகழ்ச்சி. தொகுத்து வழங்கியவன் செல்வம்.

“எப்ப முடியுதுன்னு எனக்கு எப்படி மாமா தெரியும்?” என்று ஆரம்பிக்கும் முன் கேட்டான்.

“ரெண்டு கையையும் தூக்கி அப்படியே நிறுத்துவேன். ரசனை இருக்கறவனுக்கு அது போதும்,” என்று சீறினேன்.

மேடையில் மகன் ‘உள்ளே வரலாமா?’ என்று பாடி முடித்தான். கைகளைத் தூக்கி நிறுத்தினேன். மண்டபத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மூன்றாவது விநாடியில் ஸ்பீக்கரில் செல்வத்தின் குரல்: “விழா இனிதே நிறைவுற்றது. நாட்டுப்பண்.” மைக்செட்காரர் உடனே போட்டுவிட்டார்.

எல்லோரும் எழுந்து விறைப்பாக நின்றார்கள். நானும் தூக்கிய கையோடு நின்றேன். இறக்கினால் அசைந்ததாகிவிடுமே. மனசுக்குள் செல்வத்தை நார் நாராகக் கிழித்தேன். நாட்டுப்பண் ஒலித்துவிட்டால் நம் ஊரில் விழா முடிந்தது. அதற்கப்புறம் எவரும் உட்கார மாட்டார்கள். நான் மைக்கைப் பிடுங்குவதற்குள் பாதிப் பேர் வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருந்தார்கள்.

“அறிவிருக்காடா உனக்கு?”

“நீங்கதானே மாமா கையத் தூக்குனீங்க.”

நடுவில் வரும் மௌனத்துக்கும் அதே சைகைதான் என்று நான் அவனிடம் சொல்லவே இல்லை.

யாஸ்மின் மேடையிலேயே அழுதாள். அவளுடைய வாப்பா மெதுவாக என்னிடம் வந்தார்.

“சார், அந்தப் புள்ளய உள்ள விட்டாங்களா, இல்லியா?”

“விட்டாங்க பாய்.”

“அத எம்மவ பாடிக் கேக்கலாம்னுதான் வந்தேன்.”

செல்வத்தின் மேல் இருந்த கோபமெல்லாம் திரும்பி என் மேலேயே பாய்ந்தது. அதை வெளியே ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று வருஷம் பிடித்தது. யாஸ்மின் மறுநாள் விமான நிலைய வாசலில் பாடிக் காட்டினாளாம். என்னைக் கூப்பிடவில்லை.

ஒப்புக்கொண்ட நாளிலிருந்து, செல்வம் வீட்டுக்கு வந்திருந்தால், நான் காலிங் பெல்லை அழுத்தினாலும் கதவு உடனே திறப்பதில்லை. என் மனைவியும் செல்வமும் உள்ளே எழுந்து விறைப்பாக நிற்பது ஜன்னல் வழியே தெரியும். பத்து வரை எண்ணிவிட்டுத்தான் திறப்பார்கள். அதுவரை நானும் கத்தாமல் வாசலில் நிற்கிறேன்.