ஒன்பது சுற்று டிரைவர்

சிரம்பான், ராசா பக்கத் தோட்டம்,
ஆடி 9, ஜப்பான் கணக்கில் 2603, நம் கணக்கில் 43.

சி ரூசா தோட்டத்தில் இருக்கும் மச்சான் வீரமுத்துவுக்கு அக்காள் புருஷன் தங்கராஜு எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காள் பஞ்சாலையும், நாங்கள் மூன்று வேளையும் தின்கிற மரவள்ளிக் கிழங்கும் நலம். அங்கு நீயும் மங்கம்மாவும், அவள் வயிற்றில் இருப்பதும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தோட்டத்தில் கார் டிரைவர் ஆகிவிட்டேன் என்று போன கடிதத்தில் எழுதினேனே, நீயும் அதை உங்கள் லயத்து வீட்டுக்காரர் எல்லாருக்கும் படித்துக் காட்டினாயாமே, அன்றைக்கு எனக்குக் கார்க் கதவை எப்படித் திறப்பது என்றுகூடத் தெரியாது. சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் எழுதினார்கள், போனவன் ஒருவனும் திரும்பி வரவில்லை. “டிரைவர் எவனாச்சும் இருந்தா தள்ளி நில்லு, இங்கயே வேல இருக்கு” என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தி. என் கால் தானாகத் தள்ளி நின்றுவிட்டது. நான் என்ன செய்ய.

இப்போது உங்கள் தோட்டத்துச் சயாம் பட்டியலில் உன் பெயர் ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டு உன் அக்காள் இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் இருக்கிறாள். சோறு இல்லை, கிழங்குதான், ஆனாலும் இறங்கவில்லை. ஆகையால் நீயும் டிரைவர் என்று சொல்லிவிடு. கார் ஓட்டுவதை இந்தக் கடிதத்திலேயே கற்றுத் தருகிறேன்.

ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் காரைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். டயர் நான்கையும் ஜப்பான்காரர் தம் லாரிக்குக் கழற்றிக்கொண்டதால் கார் நான்கு மரக்கட்டை மேல் நின்றது. பெட்ரோல் கிடையாது என்று பின்னால் ஒரு கரியடுப்பை வைத்துக் கட்டியிருந்தார்கள். கரியைப் போட்டு விசிறினால் அரை மணி நேரத்தில் புகை ஏறி இஞ்சின் உறுமும், அந்த நேரத்தில் உன் அக்காள் அதன் மேல் கிழங்குப் பானையை வைத்துவிடுவாள், வெந்ததும் இறக்கிக்கொண்டு “இனி நீ ஓட்டு” என்பாள், நானும் ஏறி உட்கார்ந்து ஓட்டுவேன், சக்கரம் காற்றில் சுற்றும், கார் ஓரடி நகராது. இப்படியே இரண்டு மாதத்தில் போர்ட்டிக்சன் கடற்கரைக்கு நாற்பது தடவையாவது போய் வந்திருப்பேன். பக்கத்து வீட்டு வள்ளிநாயகி ஒரு நாள் ஆசையாகப் பின்சீட்டில் ஏறினாள். கொஞ்ச நேரத்தில் “அண்ணே, மயக்கமா வருது, நிறுத்துண்ணே” என்று வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். அவ்வளவு நன்றாக ஓட்டினேன்.

கேட்டுக்கொள். காலுக்குக் கீழே மூன்று மிதி இருக்கும். இடது மிதி உன் அக்காள் மாதிரி. எதைச் செய்வதானாலும் முதலில் அதை அமுக்கவேண்டும், பிறகு மெதுவாக விடவேண்டும், சட்டென்று விட்டால் எகிறும். வலது மிதி சத்தம் போடுவதற்கு. நடுமிதி கால் களைத்தால் வைத்துக்கொள்வதற்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். கம்பு ஒன்று இருக்கும், முன்னால் தள்ளினால் போதும், மற்ற பக்கமெல்லாம் நான் போனதில்லை.

போன வெள்ளிக்கிழமை பழைய டயர் நான்கு வந்தன. உள்ளே டியூப் இல்லை, லாலான் புல்லைத் திணித்து மாட்டினோம். ஜப்பான்கார அதிகாரி, காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தின் நடுவில் வந்து நின்று ஓட்டிக் காட்டு என்று கையைக் காட்டினார். ஓட்டினேன். மச்சான், கார் நகர்ந்தது! கட்டையில் நின்ற காரை நிறுத்த வேண்டிய தேவையே வரவில்லையே, எப்படி நிறுத்துவது? களத்தைச் சுற்றினேன். அவரைக் கடக்கும்போது குனிந்து வணங்காவிட்டால் அறை விழும் என்பது உனக்கும் தெரியும், ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் குனிந்தேன், குனியும்போதெல்லாம் நெற்றி ஹாரனில் இடித்துக் கார் ‘பாம்’ என்றது. பதிலுக்கு அவரும் தலையை ஆட்டினார். ஒன்பது சுற்று. கரி அணைந்து கார் தானாக நின்றது. இவ்வளவு மரியாதை தெரிந்த டிரைவரை அவர் பார்த்ததே இல்லையாம், கிராணி சொன்னார். நடுமிதிதான் நிறுத்துவதற்கு என்று அன்று சாயங்காலம் தெரிந்துகொண்டேன். நீ முதலிலேயே தெரிந்துகொள்.

தபாலில் போட்டால் பிரித்துப் படிக்கிறார்கள், அதனால் கருவாட்டு வியாபாரி சலாவுதீன் பாயிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடு. மங்கம்மாவை வெயிலில் விடாதே. நீ நெடுங்காலம் இருந்து என்னிடம் கேலி வாங்கிக்கொண்டிருக்க ஆசீர்வதிக்கும்,

தங்கராஜு.

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையையும் மறந்துவிடு. கடிதத்தை வாங்கும்போது பாய் சொல்கிறார், “அண்ணே, சிரம்பான்ல இப்ப டிரைவருங்களத்தான் தேடிப் புடிக்கிறானுங்க. சயாம்ல லாரி ஓட்ட ஆளு இல்லையாம்லா.” நீ மரவள்ளி நடுகிறவன் என்று சொல், மண்வெட்டியைக் கீழே வைக்காதே, கிழங்கு நடுகிறவர்களை இன்னும் தொடவில்லையாம். நானும் பாயைக் கிழங்கு தின்ன உட்கார வைத்துவிட்டுக் கிராணியிடம் ஓடினேன். “ஐயா, எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.” “வெளையாடாத தங்கராஜு. ஒம்போது சுத்து சுத்துனவன் நீ.” “ஏறி உக்காருங்க, காட்டுறேன்” என்றேன். உட்கார்ந்தார். நடுமிதியை மிதிக்காமல் இருப்பதுதான் சிரமமாக இருந்தது. கார் இப்போது ரப்பர்ப் பால் கொட்டகைக்குப் பின்னால் குட்டையில் இருக்கிறது, ஜப்பான்காரர் வருவதற்குள் மாடு கட்டி இழுத்துவிடுவோம். தண்ணீர் இடுப்பளவுதான், கிராணி உட்கார்ந்திருந்ததால் அவருக்குக் கழுத்தளவு வந்தது. “ஒனக்கு ஓட்டத் தெரியாதுன்னு ஒத்துக்கிறேன்டா” என்று என் பெயரை அடிக்கச் சட்டைப் பையிலிருந்து டிரைவர் பட்டியலை எடுத்தார். மை கரைந்து ஒரு பெயரும் தெரியவில்லை. கொடியில் காயப் போட்டிருக்கிறார்.