முறை வைத்துத் திறந்த செய்தியோடை

இணையத்துக்கு வருகிறவர்களை வரிசையில் நிறுத்திய ஒரே மனிதர் எங்கள் முட்டத்து நிருபர்தான். எந்தப் பத்திரிகையும் அவரை நிருபராக வைத்துக்கொள்ளவில்லை. வேலை ஐஸ் கம்பெனியில். அது முடிந்ததும் பஸ் பிடித்துத் தக்கலை பிரவுசிங் சென்டருக்குப் போய், ஊர்ச் செய்திகளைத் தன் இலவச இணையதளத்தில் ஏற்றுவார்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் அதற்கு ஆர்எஸ்எஸ் செய்தியோடை வைத்தார். புதுச் செய்தி போட்டால், வளைகுடாவில் இருக்கும் எங்கள் கணினிக்கே வந்துவிடும். இலவச இடமாதலால் அங்கே புரோகிராம் எதுவும் ஓடாது. மனிதர் ஒவ்வொரு வரியையும் கையாலேயே அடித்தார். ‘கடல் கடந்த என் கண்மணிகளே’ என்று தொடங்கி, தான் எடுத்த கலங்கரை விளக்கப் படத்தையும் போட்டு, ‘இப்படிக்கு உங்கள் நிருபர்’ என்று முடிப்பார். நடுவில் ஒரு வரி செய்தி இருக்கும்.

நாளுக்கு இத்தனை எம்.பி.தான் இறக்கலாம் என்று அந்தத் தளத்துக்கு ஓர் அளவும் உண்டு. எங்கள் கணினிகள் அரை மணிக்கொரு தடவை தாமாகவே போய் எட்டிப் பார்த்ததில், மதியத்துக்குள் அளவு தீர்ந்து தளம் மூடிக்கொண்டது. தம்மாமில் இருந்த எனக்குப் போன் வந்தது.

“மக்கா, நாப்பது பேரு அர மணிக்கூருக்கு ஒருக்க வந்து, விசேசம் உண்டான்னு கதவத் தட்டினா எந்த வீடு தாங்கும்? ஒனக்கு இனி காலத்த ஏழு மணி. நாளுக்கு ஒரு தட்டுதான், கேட்டியா.”

“அளவத் தின்னுதது அந்த வெளக்குப் படந்தானே, அத எடுத்தாலே போதுமே அண்ணே?”

“வெளக்க அணைக்கச் சொல்லுதியா? போன வைல.”

ஒருநாள் முறை தவறி ஒன்பது மணிக்கு எட்டிப் பார்த்தேன். எப்படியோ கண்டுபிடித்து, ‘தம்மாம் ஆளுக்குப் பொறுமை போதாது’ என்று செய்தியாகவே போட்டுவிட்டார்.

பிறகு ஒரு மழைக்காலம். என் தம்பி போன வள்ளம் காற்றில் மாட்டித் திரும்பவில்லை. இரவு அதைச் சொன்னதோடு வீட்டு போன் செத்துவிட்டது. முறையாவது மண்ணாவது என்று ஐந்து நிமிடத்துக்கொரு தடவை தட்டினேன். மற்றவர்களும் அதையேதான் செய்திருப்பார்கள். அளவு தீர்ந்தால் மறுநாள்தான் திறக்கும். அது தெரிந்தும் தட்டாமல் இருக்க முடியவில்லை.

பத்தரைக்குச் செய்தி வந்தது. கண்மணிகளையும் காணோம், கலங்கரை விளக்கத்தையும் காணோம். பழைய செய்திகள் அத்தனையையும் அழித்து, ஓடையையே இரண்டு வரியாக்கியிருந்தார்.

“வள்ளம் கர சேந்தாச்சு, ஆறு பேரும் சொகம். இன்னைக்கு யாரும் மொற பாக்காண்டாம், எத்தன தடவ வேணும்னாலும் தட்டுங்க.”

ஆபீஸ் என்றும் பாராமல் அழுதேன்.

அன்று முட்டத்தில் கரண்டும் இல்லை, பஸ்ஸும் இல்லையாம். மழையில் தக்கலை வரை சைக்கிள் மிதித்துப் போய் ஏற்றினார் என்று தம்பி பிறகு சொன்னான். அந்தத் தளம் எப்போதோ போய்விட்டது. காலை ஏழு மணியானால், ஒரே ஒரு தடவை தட்டிப் பார்ப்போமா என்று எனக்கு இன்றும் தோன்றும்.