சூடுபடாத நாற்பது டின் தேன்

பேரன்பு கொண்ட மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவனும் பிஸ்கட் தொழிற்சாலையின் புதுத் தயாரிப்புப் பிரிவுத் தலைவனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் உங்கள் படுக்கையறையை அடைத்துக்கொண்டிருக்கும் நாற்பது டின் தேனும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். தேனீக்களை ஒவ்வொன்றாக விசாரிக்கக் காகிதம் போதாது. பொதுவாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. மூன்றே வரி. "மாப்ள, வழக்கமா வாங்கற வியாபாரி சனிக்கிழமை வண்டியோட வர்றாரு. தேனை அவருக்குக் குடுத்துடவா, உங்களுக்கு வெச்சிருக்கவா? இந்தத் தடவையும் இல்லைன்னா இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேங்கறாரு." இதற்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் விளக்கம் சொல்லத் தொடங்கினால் நீங்கள் "சரி சரி, அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. எனவே முதலில் முடிவைச் சொல்லிவிட்டுப் பிறகு காரணத்துக்கு வருகிறேன். கொடுக்காதீர்கள். ஒரு டின் கூடக் கொடுக்காதீர்கள். என் ஒரு வார்த்தையை நம்பி ஒரு வருஷ உழைப்பை அறைக்குள் பூட்டி வைத்துவிட்டு நீங்களும் அக்காவும் சமையலறையில் பாய் விரித்துப் படுக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நம்பினவரைக் கைவிடுகிற ஆள் நான் இல்லை. இங்கே எல்லாம் நல்லபடியாகவே போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் சின்னச் சின்ன விஷயங்கள் நடந்தன. அவற்றை நானே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் தங்கை எப்படியும் எழுதிவிடுவாள்.

முதலில் பிஸ்கட். நீங்கள் மாதிரிக்கு அனுப்பிய ஐந்து டின்களில் முதலாவதை அதற்குத்தான் திறந்தேன். எங்கள் பிரிவு என்றதும் பெரிய கூடத்தைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். கிடங்குக்கும் கழிவறைக்கும் நடுவில் ஓர் அறை, அதில் ஓர் அடுப்பு, ஓர் ஓவன், ஒரு தராசு, நான், அப்புறம் டீச்சர். பள்ளிக்கூட டீச்சர் இல்லை. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் அம்மாள். நான் எழுதுகிற எந்தக் குறிப்பையும் சிவப்பு மையால் திருத்தித் தருவதால் அந்தப் பெயர். நான் சர்க்கரையை எடுத்துவிட்டு அதே எடைக்குத் தேனை ஊற்றினேன். "சார், தேன்ல தண்ணி இருக்கு. சீக்கிரம் சிவந்துடும். ஓவன் சூட்டைக் குறைங்க" என்றார் டீச்சர். முப்பது வருஷமாக ஓவன் முன்னால் நிற்கிறவனுக்கு இது ஒரு பாடமா? வழக்கமான சூட்டிலேயே வைத்தேன். வெளியே கருகி உள்ளே வேகாமல் வந்தது. இரண்டாம் தடவை, யாரும் சொல்லாமலே, சூட்டைக் குறைத்து வைத்தேன். அருமையாக வந்தது. தட்டில் அடுக்கி முதலாளி அறைக்கு அனுப்பினேன். அவர் அன்று வெளியே போயிருந்தார், மறுநாள்தான் பார்த்தார். அதற்குள் தேன் அந்த அறையின் ஈரத்தையெல்லாம் இழுத்துக் குடித்துவிட்டது. முதலாளி பிஸ்கட்டை உடைக்கப் பார்த்தார், வளைந்தது. இரண்டாக மடித்தார், மடிந்தது. "இது என்னய்யா, கைக்குட்டையா?" என்று கேட்டார். நான் அசரவில்லை. "பல்லு இல்லாதவங்களுக்கும் பிஸ்கட் வேணும்ல சார்" என்றேன். முதலாளிக்கு மேல்வரிசை முழுக்கக் கட்டின பல் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அதோடு பிஸ்கட்டை நானாகவே நிறுத்திவிட்டுக் கஸ்டர்டுக்குப் போனேன். இங்கே ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். நீங்கள் டின் அனுப்பும்போதே, "லேசா வெந்நீர்ல வெச்சு எடுத்து வடிகட்டித் தரட்டுமா மாப்ள?" என்று கேட்டீர்கள். நான்தான் கூடவே கூடாது என்றேன். ஏனென்றால் புதுப் பொருளுக்கு நான் யோசித்து வைத்திருந்த வாசகமே 'சூடே படாத தேன்' என்பதுதான். ஊரில் இருக்கிற எல்லாத் தேனும் சூடு பட்டது, நம்முடையது மட்டும் படாதது. இந்த ஒரு வரிக்காகவே சனங்கள் வாங்குவார்கள். ஆகவே பாலும் சோளமாவும் காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, அதற்கப்புறம்தான் தேனைக் கலந்தேன். குளிரவைத்து எடுத்தால் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. கோப்பையைக் கவிழ்த்தாலும் சிந்தவில்லை. நான் கவிழ்த்துப் பார்த்தேன், டீச்சர் கவிழ்த்துப் பார்த்தார், கிடங்கு ஸ்டோர்கீப்பரும் வந்து கவிழ்த்துப் பார்த்துவிட்டுப் போனார்.

உங்கள் தங்கையின் அலுவலகத்தில் மறுநாள் மேலாளருக்குப் பணி ஓய்வு விழா. நானே முன்வந்து இருபத்து நாலு கோப்பை கொடுத்தனுப்பினேன். "எல்லாருக்கும் முன்னால கவுத்துக் காட்டு. அசந்து போயிடுவாங்க" என்று சொல்லியும் அனுப்பினேன். அவளுக்கு என்மேல் எவ்வளவு நம்பிக்கை பாருங்கள், மூடியை எடுத்த கையோடு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், மேலாளருக்கு நேரே நின்று கவிழ்த்துவிட்டாள். அவர் மடியில் நினைவுப் பரிசு இருந்தது. சால்வை இருந்தது. சக ஊழியர்கள் கையெழுத்துப் போட்ட வாழ்த்து மடல் இருந்தது. எல்லாவற்றின் மீதும் அருவி மாதிரி இறங்கியிருக்கிறது. அசந்துதான் போனார்களாம். ஓடிப்போய் டீச்சரிடம் கேட்டேன். "சுடாத தேன்ல மாவைக் கரைக்கற சத்து ஒண்ணு இருக்கு சார், நம்ம எச்சில்ல இருக்கற மாதிரியே. நல்லா சூடு காட்டியிருந்தா அது அடங்கியிருக்கும். நீங்கதான் காட்டமாட்டேன்னீங்க" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். உங்கள் தேன் அசல் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? கலப்படத் தேன் என்றால் கஸ்டர்ட் கல்லு மாதிரி நின்றிருக்குமே. இதை உங்கள் தங்கையிடம் சொன்னேன். "விழுந்தாலும் மீசைல மண்ணு ஒட்டலைங்கறது உங்களுக்காகவே சொன்னதுதான்" என்றாள். அதற்கப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. இப்போது பேசுகிறாள், கவலை வேண்டாம்.

எப்படியும் தண்ணீராகத்தான் ஆகும் என்றால் தண்ணீரிலிருந்தே தொடங்குவோமே என்று அடுத்தது பானத்தில் இறங்கினேன். தேன், தண்ணீர், எலுமிச்சைச் சாறு. மூன்றே பொருள். குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகிற மாதிரி சின்னப் பாட்டில். சூடு காட்டவில்லை, வாசகம் வாசகம்தானே. அறுபது பாட்டில் அடைத்து மூடி இறுக்கி, இடம் இல்லாததால் ஓவன் சுவருக்குப் பின்பக்கம் கிடங்கு அலமாரியில் வைத்தோம். அந்தச் சுவர் எப்போதும் கதகதப்பாக இருக்கும். ஐந்தாம் நாள் மதியம் சாப்பாட்டு வேளையில் முதல் மூடி பறந்தது. அடுத்தடுத்து பத்துப் பதினைந்து பறந்தன. ஸ்டோர்கீப்பர் மாவு மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். தயிர் சாதம் உள்ளே இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

தப்பித்த பாட்டில்களை நான் வீணாக்குவேனா? எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எது செய்தாலும் வேறு வேறு பிரிவிலிருந்து எட்டுப் பேரை உட்காரவைத்துச் சுவைக்கச் சொல்வோம். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதுவரை எந்தப் பொருளுக்கும் ஏழுக்கு மேல் வந்ததில்லை. இந்தப் பானத்துக்கு ஏழு பேர் பத்துப் போட்டார்கள். ஒருவர் பன்னிரண்டு போட்டார். பேசக் கூடாது என்ற விதி மூன்றாவது நிமிஷம் போயிற்று. சம்பளப் பிரிவுக்காரர் ஒரு நகைச்சுவை சொல்ல, பொட்டலம் கட்டும் பிரிவு அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த மனிதர் சொன்னதற்கு ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஸ்டோர்கீப்பர் நாலு தடவை "இன்னும் சரியாப் பிடிபடலை" என்று வாங்கிக் குடித்துவிட்டு மூட்டைமேல் சாய்ந்து தூங்கிப்போனார். டீச்சர் பாட்டிலை மோந்து பார்த்தார். "சார், இது புளிச்சுப் பொங்கியாச்சு. இதைக் குழந்தைங்களுக்கு வித்தா நம்ம ரெண்டு பேரையும் உள்ள தூக்கி வெச்சுடுவாங்க" என்றார். இருக்கட்டும். ஆனால் மச்சான், எட்டுக்கு எட்டுப் பேரும் பத்துக்குக் குறையாமல் மதிப்பெண் போட்டது என் பதிவேட்டில் இருக்கிறது. அதை யாராலும் அழிக்க முடியாது. டீச்சர் மட்டும் பக்கத்தில் சிவப்பு மையில் ஏதோ எழுதியிருக்கிறார்.

முதலாளிக்கு வேறு ஒரு குறை. உங்கள் டின்களை வரிசையாகத் திறந்துவைத்து ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்தார். "ஒண்ணு கறுப்பா இருக்கு, ஒண்ணு மஞ்சளா இருக்கு, இது லேசாக் கசக்குது. நம்ம பிஸ்கட் இருபது வருஷமா ஒரே ருசிய்யா. இதை வெச்சு நான் எப்படி ஒரே மாதிரி பானம் போடறது?" என்றார். "பூ மாறினா ருசி மாறும் சார்" என்றேன். "அப்ப மாறாம இருக்கச் சொல்லிப் பூவுக்கு ஒரு கடிதம் போடுங்க" என்றார். நான் உங்களுக்குப் போடுகிறேன். முடிந்தால் சொல்லிப் பாருங்கள்.

இப்போது கேளுங்கள். இத்தனைக்கும் பிறகு நான் ஒரு தியாகம் செய்தேன். 'சூடே படாத' என்பதை 'அதிகம் சூடு படாத' என்று மாற்றிக்கொண்டேன். டீச்சர் சொன்ன அளவுக்குச் சூடு காட்டி, மீதி டின்களை ஒன்றாகக் கலந்து, மறுபடி பானம் போட்டோம். பொங்கவில்லை, புளிக்கவில்லை, யாரும் தூங்கவும் இல்லை. பத்து நாளாக அலமாரியில் சாதுவாக நிற்கிறது. நாளை வியாழக்கிழமை முதலாளி முன்னால் கடைசிச் சுவைப்பு. அது வெறும் சம்பிரதாயம். முப்பது வருஷமாக இந்த நாக்கு சொன்னதைத்தான் இந்தத் தொழிற்சாலை விற்றிருக்கிறது. ஆகவே வியாபாரி வந்தால் தண்ணீர் கொடுத்து, மரியாதையாக நாலு வார்த்தை பேசி, வெறும் வண்டியோடு திருப்பி அனுப்பிவிடுங்கள். நீங்கள் வாங்க நினைத்திருக்கும் புதுத் தேனீப் பெட்டிகளுக்கும் தைரியமாகச் சொல்லிவைக்கலாம். அடுத்த வருஷம் நாற்பது டின் எங்களுக்கு எந்த மூலைக்கு?

அக்காவுக்கு என் வணக்கம். அவர்கள் இன்னும் இரண்டு வாரத்தில் சொந்தக் கட்டிலில் கால் நீட்டிப் படுப்பார்கள் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். உங்கள் பெட்டியெல்லாம் நிறையட்டும், கொட்டுகிறவை உங்களைத் தவிர்த்து வேறு யாரையாவது கொட்டட்டும்.

உங்கள் சொல்லைத் தட்டியே பழகிய, ஆனாலும் உங்கள்மேல் உயிரையே வைத்திருக்கும்,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே உள்ளது புதன்கிழமை எழுதியது. இது வியாழக்கிழமை சாயங்காலம். கடிதத்தைத் தபாலில் போடாமல் எங்கள் லாரி டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், வெள்ளிக்கிழமை காலையிலேயே கிடைத்துவிடும். தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று முதலாளி மூன்று கோப்பை வைக்கச் சொன்னார். பெயர் கிடையாது, அடியில் எண் மட்டும். ஒன்றில் உங்கள் தேன். ஒன்றில் பாதித் தேன், பாதிச் சர்க்கரை. ஒன்றில் வெறும் சர்க்கரைப் பாகும், சின்னப் புட்டியில் வருகிற தேன் வாசனை எசன்ஸ் நாலு சொட்டும். "எது தேன்னு உங்க நாக்கே சொல்லட்டும். நீங்க சொல்றதுதான் முடிவு" என்றார் முதலாளி. நானும் கைகட்டி நின்ற எல்லாருக்கும் நடுவில் சுவைத்துவிட்டு, 682 என்ற கோப்பைக்குப் பத்து மதிப்பெண் போட்டு, 'இதுதான் தேன். என் மச்சான் தோட்டத்துக் காற்றே இதில் வீசுகிறது' என்று எழுதினேன். 417-க்கு ஒரு மதிப்பெண் போட்டு, 'அப்பட்டமான போலி. இதைக் குழந்தைகளுக்குக் கொடுக்க மனசாட்சி உள்ளவன் சம்மதிக்க மாட்டான்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எந்த எண் எது என்று எழுதி ஒட்டிவைத்திருந்த உறையை டீச்சர் பிரித்தார். சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. சீட்டை என் கையில் கொடுத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 417-தான் உங்கள் தேன். 682 பக்கம் ஒரு தேனீ எட்டிக்கூடப் பார்த்தது இல்லை.

முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "உங்களுக்கே தெரியலைன்னா வாங்கறவனுக்கு எப்படிய்யா தெரியும்?" என்று தோளைத் தட்டினார். அடுத்த மாதம் எசன்ஸ் பானம் வெளியே வருகிறது. பாட்டில்மேல் ஒரு தேனீ படம். அதற்குக் கீழே நான் எழுதிய தோட்டத்துக் காற்று வரியைப் போடப் போகிறார்கள், முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வியாபாரி வந்தால் நாற்பது டின்னையும் கொடுத்துவிடுங்கள் மச்சான். அவர் ஏதாவது முறுக்கிக்கொண்டால் என் பெயரைச் சொல்லித் திட்டிவிட்டுக் கொடுங்கள். உங்கள் தேனை என் நாக்கு அடையாளம் காணவில்லை, அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டு இந்தப் பின்குறிப்பை மட்டும் அனுப்பலாம் என்று எழுந்தேன். உங்கள் தங்கை பிடுங்கிக்கொண்டாள். "அது அப்படியே போகட்டும். அண்ணன் மொதல்ல வயிறு வலிக்கச் சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சுட்டு இதைப் படிச்சா, உங்களைத் திட்டறதுக்கு அவருக்குத் தெம்பு இருக்காது" என்கிறாள்.