பதினொரு வருஷத்துப் பத்து நிமிஷம்

உட்கார்ந்தாகிவிட்டது. எழுந்திருப்பதுதான் நடக்கவில்லை.

அருங்காட்சியகத்தின் மூன்றாவது கூடத்துக் காவலாளிக்கு அன்றுதான் வேலையின் கடைசி நாள். வார விடுமுறை என்பதால் பார்வையாளர் யாரும் இல்லை. தடுப்புக் கயிற்றைத் தாண்டி, அந்தப் புகழ்பெற்ற நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வளைத்த எஃகுக் குழாய், இழுத்துக் கட்டிய தோல் பட்டை, தரையிலிருந்து ஒரு சாண் உயரம். கைப்பிடி என்ற பேச்சே கிடையாது. "ஓய்வுக்கே புது இலக்கணம் வகுத்த நாற்காலி" என்று பக்கத்துப் பலகையில் போட்டிருந்தது. எழுதிய புண்ணியவான் நின்றுகொண்டே எழுதியிருக்க வேண்டும். இவருடைய முழங்கால்கள் இப்போது முகவாயை இடித்துக்கொண்டிருந்தன.

பதினொரு வருஷமாக இதன் பக்கத்தில் நின்று "தொடாதீங்க, தொடாதீங்க" என்று சொல்லிச் சொல்லி, அவருக்குத் 'தொடாதே மாமா' என்றே பெயர் விழுந்திருந்தது. அவருக்கா இந்த ஆசை என்று கேட்டால், எல்லாம் அவர் மனைவியால் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாளெல்லாம் நின்று வீங்கிய காலோடு வீட்டுக்குப் போனால் அவள் கண் கலங்குவாள். பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் சொல்லிவைத்தார்: "யாரும் இல்லாதப்ப அந்த நாற்காலியில பத்து நிமிஷம் உட்கார்ந்துக்குவேன். பஞ்சு மூட்டையில சாய்ஞ்ச மாதிரி இருக்கும், போ."

அன்றிலிருந்து தினமும் காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி அவள் கேட்பாள். "இன்னிக்கு உட்கார்ந்தீங்களா?"

"உட்காராம இருப்பேனா?"

ஊழியர்கள் குடும்பத்தோடு வரும் நாளில் ஒருமுறை அவளை அழைத்துவந்து நாற்காலியைக் காட்டியும் இருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் மட்டும் கொஞ்சம் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். கேட்பதற்கு ஆளில்லாத சாயங்காலம் அவருக்குப் பழகவே இல்லை. சொன்ன பொய் வேறு உறுத்திக்கொண்டே இருந்தது. வேலையை விட்டுப் போவதற்குள் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து அதை மெய்யாக்கிவிட்டால் போதும் என்று நினைத்தார்.

முதலில் முன்னால் சாய்ந்து எம்பிப் பார்த்தார். நாற்காலிக் காலில் மாட்டியிருந்த ரப்பர் கழன்று உருண்டு ஓடியது. ஷூ வழுக்குகிறது என்று அதைக் கழற்றினார். காலுறை அதைவிட வழுக்கியது. வேறு வழியில்லாமல் வாக்கி டாக்கியை எடுத்து, துடைக்கிற வேலை பார்க்கும் வாளியக்காவைக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் மூணாவது கூடத்துக்கு வாம்மா. நாற்காலி விஷயம்."

அது எல்லோருக்கும் கேட்கும் என்பது கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. காட்சிப் பொருள்களுக்கெல்லாம் பொறுப்பான காப்பாட்சியரின் குரல் பாய்ந்து வந்தது.

"நாற்காலிக்கு என்ன? யாராவது தொட்டாங்களா?"

"ஒருத்தர் உட்கார்ந்துட்டார் சார்."

"ஆளை விடாதீங்க. நான் வர்ற வரைக்கும் எழுந்திருக்கவே கூடாது."

"அதெல்லாம் எழுந்திருக்க மாட்டார் சார்."

வாளியக்கா முதலில் வந்து சேர்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்தாள். காலையில் அவளே துடைத்துவிட்டுப் போன தரை இன்னும் காயவில்லை. அவர் நாற்காலியோடு கூடத்தின் குறுக்கே வழுக்கிக்கொண்டு வாசல்வரை போனார். வாசலில் காப்பாட்சியர் நின்றிருந்தார்.

"மாமா, நீங்களா?"

"நான்தான் சார். நீங்க சொன்ன மாதிரி விடாம வச்சிருக்கேன்."

வாளியக்கா மறுபடி கையை நீட்டினாள். "தொடாதீங்க," என்றார் காப்பாட்சியர். "கையுறை இல்லாம யாரும் பக்கத்துல போகக் கூடாது. அது விதி." வெள்ளைக் கையுறைகள் வந்தன. மாட்டிக்கொண்டு இருவரும் ஆளுக்கொரு கையாக இழுத்தார்கள். கையுறைகள் மட்டும் கழன்று வந்தன. மாமா முன்னைவிட ஆழமாகப் போய் விழுந்தார்.

காப்பாட்சியர் மூச்சு வாங்கியபடி ஒரு படிவத்தை எடுத்தார். "காட்சிப் பொருளைப் பயன்படுத்தின காரணம்னு ஒரு கட்டம் இருக்கு மாமா. என்ன எழுத?"

மாமா முகவாயை முழங்காலிலிருந்து எடுத்தார். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அவகிட்ட நான் சொன்ன ஒரே பொய் இது சார். தினமும் சொன்னேன். அவளும் நம்பிக்கிட்டே போயிட்டா. இன்னிக்காவது நெஜமாக்கிடலாம்னு பார்த்தா, இதுல ஒரு சுகமும் இல்ல. நான் போய்ப் பஞ்சு மூட்டைன்னு..." ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்தபடியே அழுதார். காப்பாட்சியர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் படிவத்தை மடித்தார்.

"அண்ணே, அழாதீங்க. இழுத்தா வராது," என்றாள் வாளியக்கா. "முட்டி ரெண்டையும் நெஞ்சோட கட்டிக்கிட்டு, அப்படியே இடது பக்கமா உருளுங்க."

உருண்டார். சொல்லி வைத்தது போலத் தரைக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த வித்தை உனக்கு எப்படிம்மா தெரியும்?"

வாளியக்கா வாளியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அண்ணியை அப்படித்தானேண்ணே எடுத்தேன். சொல்ல வேண்டாம்னுதான் முதல்ல இழுத்துப் பார்த்தேன். அவங்க வந்த அன்னிக்கு, நீங்க டீ குடிக்கப் போன நேரத்துல உட்கார்ந்து பார்த்து மாட்டிக்கிட்டாங்க. 'அவர்கிட்ட சொல்லிடாதே, அப்புறம் சாயங்காலம் வந்து எனக்காகப் பொய் சொல்றதை நிறுத்திடுவார்'னு சத்தியம் வாங்கிட்டுத்தான் போனாங்க."